பாவு நீட்டிய தெருவும் சலவை அறைச் சாவியும்

டீ டம்ளரை வாங்கும் முன் சித்தப்பா கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். கால்கள் இன்னும் தறிக்குழிக்குள்தான் இருந்தன. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீடு மாதிரி வீடுகளில் டீ குடிக்கத் தனி இடம் கிடையாது. தறி இருக்கும் கூடத்திலேயே, பாவின்மேல் ஒரு சொட்டும் விழாதபடி உடம்பைச் சாய்த்துக் குடிக்க வேண்டும். தறியில் ஏறியிருந்தது அரக்கு உடல், மயில்கழுத்துக் கரை. பேத்தியின் முகூர்த்தப் புடவை. தை மாதம் கல்யாணம், மாசியில் அவள் சூரிச்சுக்குக் குடிபோகிறாள். மாப்பிள்ளைக்கு அங்கே கம்ப்யூட்டர் வேலை.

நானும் கல்யாணமாகி அந்த ஊருக்குத்தான் போனேன். ஆறு வருஷமாகிறது. லீவில் வரும்போதெல்லாம் ‘அங்க எல்லாம் சௌக்கியமா’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தறியில் உட்கார்ந்துவிடுவார் சித்தப்பா. இந்த முறை அப்படி விடவில்லை. பேத்தி போகிற இடம் எப்படிப்பட்டது என்று அவருக்குத் துல்லியமாகத் தெரிந்தாக வேண்டும்.

“ஏம்மா, அங்க ஞாயித்துக்கெழம துணி தொவைக்கக் கூடாதாமே? மாப்ள போன்ல சொல்றாரு. வீட்டுக்காரன் அவ்ளோ கெடுபிடியா?”

வீட்டுக்காரர் இதில் காரணமே இல்லை. சூரிச்சில் பெரும்பாலானவர்கள் வாடகைக் குடித்தனக்காரர்கள். பழைய அடுக்குமாடிக் கட்டடங்கள் பலவற்றில் வீட்டுக்கு வீடு வாஷிங் மிஷின் இருக்காது. அடித்தளத்தில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு சலவை அறை. கதவில் ஒரு அட்டவணை மாட்டியிருக்கும். இன்ன குடித்தனத்துக்கு இன்ன நாள், இத்தனை மணிமுதல் இத்தனை மணிவரை. சில கட்டடங்களில் வாரம் ஒரு முறை, சிலவற்றில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறைதான் நம் முறை வரும். ராத்திரி பத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை கூடவே கூடாது.

“சித்தப்பா, அமாவாசை அன்னிக்கு நீங்க தறியில உக்காருவீங்களா?”

“அதெப்படி? ஊரே நெய்யாதே.”

“யாராவது வந்து தடுக்கறாங்களா?”

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். “தடுக்க யாரு இருக்காங்க. தெருவுல ஒரு தறியும் ஓடாதப்ப நம்ம வூட்டுல மட்டும் சத்தம் கேட்டா நல்லாவா இருக்கும்?”

அங்கே ஞாயிறும் அப்படித்தான் என்றேன். கடைகள் மூடியிருக்கும், ரயில் நிலையத்துக்குள்ளும் விமான நிலையத்திலும் இருக்கும் கடைகள் மட்டும் திறந்திருக்கும். சுவரில் ஆணி அடிப்பதில்லை, புல் வெட்டும் மிஷினை எடுப்பதில்லை. காலி பாட்டில்களைக் கொண்டுபோய் தெருமுனைத் தொட்டியில் போடுவதுகூட ஞாயிற்றுக்கிழமை ஆகாது, கண்ணாடி உடைகிற சத்தம் கேட்கும் என்பதற்காக. அமாவாசை என்று சொன்னதும் சித்தப்பாவுக்கு அந்த ஊர் பாதி புரிந்துவிட்டது.

மீதிப் பாதி இருக்கிறதே, அதுதான் புதிதாகப் போகிறவர்களை அழ வைக்கும். விடியற்காலையில் நம் தெருவில் பாவு நீட்டுகிறோம். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பட்டு இழைகள் இடுப்பளவு உயரத்தில் நிற்கும். வண்டியில் வருகிறவர் இறங்கித் தள்ளிக்கொண்டு போவார், பால்காரர் சுற்றிப் போவார். ‘இங்கே பாவு நீட்டப்படுகிறது, வாகனங்கள் வேண்டாம்’ என்று யாரும் போர்டு வைத்ததில்லை. தெருவில் பிறந்தவர்களுக்கு அது தெரியும். தெரியாதவர் வந்தால் பக்கத்து வீட்டுத் திண்ணையிலிருந்து ஒரு குரல் வரும். நம் விதிகள் வாயில் இருக்கின்றன. அவர்கள் விதிகள் காகிதத்தில் இருக்கின்றன. காகிதத்தில் ஒன்றைப் பார்த்தாலே நமக்கு அது அதிகாரமாகத் தெரிகிறது, யாரோ நம்மை நம்பவில்லை என்று படுகிறது. நான் முதல் வருஷம் முழுக்க அப்படித்தான் நினைத்தேன்.

அந்த முதல் வருஷத்தில் ஒரு நாள் என் முறை முடிந்து இருபது நிமிஷம் தாமதமாகச் சலவை அறைக்குப் போனேன். அடுத்த முறைக்காரப் பெண்மணி என் துணிகளை மிஷினிலிருந்து எடுத்திருந்தார். ஈரத்துணிகள், என் உள்பாவாடைகள் உட்பட, ஒவ்வொன்றும் மடித்து என் கூடையில் அடுக்கப்பட்டிருந்தன. மேலே ஒரு சின்னச் சீட்டு: அடுத்த முறை நேரத்தைப் பார்த்துக்கொள்ளவும், பஞ்சு வடிகட்டியைச் சுத்தம் செய்துவிட்டுப் போகவும், அன்புடன் என்று கையெழுத்து. கூடையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறும்போது கை நடுங்கியது. முகம் தெரியாத ஒருவர் என் துணியைத் தொட்டதும், சீட்டு எழுதி வைத்ததும் அவமானமாக இருந்தது. அவர் அதைத் தரையில் போடவில்லை, பிழிந்து உதறி நீள மடித்து வைத்திருக்கிறார் என்பது அன்றைக்கு என் கண்ணில் படவில்லை. பின்னொரு நாள் அவரே என்னைக் கீழே கூப்பிட்டு, மிஷினின் அடியில் இருக்கும் மூடியைத் திருகிக் காட்டினார். சாம்பல் நிறப் பஞ்சு உருண்டையாக வந்தது. ரப்பர் வளையத்தை எந்தத் துணியால் துடைப்பது, கதவை ஏன் திறந்தே விட வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார். கால்வாசிதான் எனக்குப் புரிந்தது. மீதியைக் கை சொல்லிக் கொடுத்தது.

இந்தச் சலவை அறைச் சாவி அந்த நாட்டு வாழ்க்கையில் அவ்வளவு பெரிய விஷயம். சூரிச்சைச் சேர்ந்த எழுத்தாளர் ஹூகோ லோட்சர் 1983-இல் வெளியிட்ட ஒரு கட்டுரைத் தொகுப்புக்கு அந்தச் சாவியின் பெயரையே வைத்தார். சொந்த நாட்டைப் புரிந்துகொள்ள ஒரு எழுத்தாளர் கையில் எடுத்தது சலவை அறைச் சாவி என்றால், வெளியூர்ப் பெண் அதில் தடுமாறுவதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

குப்பையைப் பற்றிச் சித்தப்பா நம்பவே இல்லை. குப்பைப் பைக்குக் காசு என்றதும் சிரித்தார். சூரிச் நகரத்தில் 1993 முதல் நடப்பது இது. நகராட்சியின் பெயர் அச்சிட்ட வெள்ளைப் பையில் போட்ட குப்பையைத்தான் வண்டி எடுக்கும். குப்பையை அள்ளி எரிக்கிற செலவு அந்தப் பையின் விலையிலேயே அடக்கம். பத்துப் பை உள்ள ஒரு சுருள், அங்கே ஓட்டலில் ஒரு வேளைச் சாப்பாட்டு விலையை நெருங்கும். வேறு பையில் கட்டி ஓரமாக வைத்தால், பிரித்து உள்ளே இருக்கும் கடிதாசியில் விலாசம் பார்த்து அபராதம் அனுப்பிவிடுவார்கள். ஆனால் கண்ணாடி, தகரம், பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில், பழைய பேப்பர் இவற்றுக்குக் காசில்லை, தனித்தனியாகப் பிரித்தால் போதும். பேப்பரைச் சணலால் குறுக்கும் நெடுக்கும் கட்டிக் குறித்த நாள் காலையில் வெளியே வைக்க வேண்டும். அதனால் எவ்வளவுக்கு எவ்வளவு பிரிக்கிறோமோ அவ்வளவுக்கு வெள்ளைப் பை மெதுவாக நிரம்பும். காசு மிச்சமாகும். லீவில் வந்து, குப்பை சேர்ந்து கிடக்கும் நம் வேகவதி ஆற்றைக் கடக்கும்போதெல்லாம் இந்தக் கணக்குதான் எனக்கு ஞாபகம் வருகிறது, மனசு கனத்துப்போகிறது.

அந்தப் பை எங்கே கிடைக்கும் என்பதே எனக்குத் தெரியாது. கடை அலமாரியெல்லாம் தேடினேன், காணவில்லை. லாங்ஸ்ட்ராஸ பக்கம் தமிழ்க் கடை ஒன்றில் கறிவேப்பிலை வாங்கப் போனபோது, பின்னால் வரிசையில் நின்ற யாழ்ப்பாணத்து அக்காதான் சொன்னார்: “தங்கச்சி, அதுகள் வெளியில வைக்க மாட்டினம். காசு கட்டுற இடத்தில கேட்டால் தருவினம்.” அத்தனை விலையுள்ள பொருளை அலமாரியில் வைக்காமல் கல்லாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள். இலங்கையின் 1983 கலவரத்துக்குப் பிறகு அகதிகளாக வந்த ஈழத்தமிழர்கள் சுவிஸில் இன்று சுமார் 50,000 பேர். ஓட்டல் சமையற்கட்டில் பாத்திரம் தேய்க்கத் தொடங்கி, பிள்ளைகளை டாக்டராகவும் வங்கி அதிகாரியாகவும் ஆக்கியவர்கள். வேலைக் கடிதமும் விசாவும் கையில் வைத்துக்கொண்டு போகிற நம்மைப்போல அவர்கள் போகவில்லை. இந்த விதிகளையெல்லாம் சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல், தானே இடறி விழுந்து கற்றவர்கள். நமக்கு முன்னால் நடந்து பாதை போட்டவர்கள் என்று பேத்தியிடம் சொல்லுங்கள், பார்த்தால் மரியாதையாகப் பேசச் சொல்லுங்கள் என்றேன்.

உள்ளேயிருந்து சித்தி வந்தாள். அவள் கவலை வேறு. “ஒடம்புக்கு ஏதாச்சும்னா என்னா பண்றது? கவர்மென்ட் ஆஸ்பத்திரி இருக்குதா?”

இதை நிதானமாகச் சொல்ல வேண்டியிருந்தது, ஏனென்றால் நான் இதில்தான் கணக்குத் தப்பினேன். 1996 முதல் அங்கே குடியிருக்கும் ஒவ்வொருவரும் மருத்துவக் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும். போய் இறங்கிய மூன்று மாதத்துக்குள் ஒரு கம்பெனியைத் தேர்ந்துகொள்ளலாம், ஆனால் கட்டணம் இறங்கிய நாளிலிருந்தே கணக்கு. அடிப்படைக் காப்பீட்டில் என்னென்ன வைத்தியம் அடங்கும் என்று சட்டமே சொல்லிவிட்டது. எந்தக் கம்பெனியிலும் அது ஒன்றுதான், பழைய வியாதி இருக்கிறதென்று யாரையும் சேர்க்க மறுக்கவும் முடியாது. ஆகவே எந்தக் கம்பெனி பெரியது என்று பார்ப்பதைவிட மாதக் கட்டணம் எங்கே குறைவு என்று பார்ப்பதே புத்தி.

அடுத்தது நம் கையிலிருந்து போகிற பங்கு. வருஷத்தில் இத்தனை ஃபிராங்க் வரைக்கும் வைத்தியச் செலவு நம் கைக்காசு, அதைத் தாண்டினால்தான் கம்பெனி தரும். பெரியவர்களுக்கு அந்தத் தொகை 300-லிருந்து 2500 வரை, நாமே எடுத்துக்கொள்ளலாம். கூடுதலாக எடுத்தால் மாதக் கட்டணம் குறையும். நான் இளவயசுதானே, எனக்கென்ன வரப்போகிறது என்று 2500 எடுத்தேன். அந்தக் குளிர்காலத்திலேயே ட்ராம் நிறுத்தத்துக்குப் போகிற சரிவில் வழுக்கிக் கணுக்கால் எலும்பு விரிசல். வேலையில் இருப்பவர்களுக்கு விபத்துக் காப்பீட்டை வேலை கொடுப்பவர் பார்த்துக்கொள்வார். நான் அப்போது வேலையில் இல்லை, எல்லாம் என் பங்கில் ஏறிவிட்டது. பேத்தியும் போனவுடன் வேலைக்குப் போகப்போவதில்லை. முதல் வருஷம் அவள் குறைந்த தொகையை எடுக்கட்டும், மாதக் கட்டணம் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. பல் வைத்தியம் மட்டும் அடிப்படைக் காப்பீட்டில் சேராது, அதை இங்கேயே பார்த்துக்கொண்டு போகட்டும். சித்தி கேட்காமல் கேட்டது எனக்குப் புரிந்தது, அதனால் அதையும் சொன்னேன்: கர்ப்பத்தின் 13-ஆவது வாரத்திலிருந்து கைக்காசு எதுவும் கட்ட வேண்டாம். சித்தியின் முகம் தெளிந்தது. இன்னொரு டீ வந்தது.

பாஷையைப் பற்றி நான் சொன்னதை சித்தப்பா ரசித்துக் கேட்டார். சூரிச்சில் பேப்பரில் அச்சாவது ஒரு ஜெர்மன், தெருவில் பேசுவது இன்னொரு ஜெர்மன். வகுப்பில் ஆறு மாதம் முதலாவதைக் கற்றுக்கொண்டு ட்ராமில் ஏறினால் ஒரு வார்த்தை விளங்காது. வேறு நாட்டுக்காரர்கள் இதில் மிரண்டுபோகிறார்கள். தமிழனுக்கு மிரள என்ன இருக்கிறது? எழுதுவது ஒன்று, பேசுவது ஒன்று என்று பிறந்ததிலிருந்து பழகியவர்கள் நாம். டிவியில் செய்தியை எழுத்து ஜெர்மனில் வாசித்துவிட்டு, வானிலையைப் பேச்சு மொழியில் சொல்வார்கள். ஒரு வித்தியாசம் மட்டும் என் மனதைத் தொட்டது. பேராசிரியரும் அந்தப் பேச்சைத்தான் பேசுகிறார், தெரு பெருக்குகிறவரும் அதைத்தான் பேசுகிறார். அதைக் கொச்சை என்று யாரும் சொல்வதில்லை. ‘ஞாயித்துக்கெழம’ என்று சித்தப்பா சொல்வதை வெளியூரில் யாராவது சிரித்தால் எனக்குச் சுருக்கென்று குத்தும். அந்த ஊரில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்க்கவில்லை.

“கோயில் குளம் ஏதாவது?”

இருக்கிறது. சூரிச்சை ஒட்டி ஆட்லிஸ்வீல் என்று ஒரு ஊர். அங்கே ஈழத்தமிழர்கள் கட்டிக் காப்பாற்றுகிற சிவசுப்பிரமணியர் கோயில். கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணம் அரங்கேற்றிய குமரகோட்டத்துப் பக்கத்தில் பிறந்த எனக்கு, அந்தக் குளிரில் முருகன் முன் நின்றபோது எப்படி இருந்தது என்று சித்தப்பாவிடம் சொல்லத் தேவையில்லை. சொல்ல வேண்டியது வேறொன்று இருந்தது. அந்த ஆட்லிஸ்வீல் ஒரு காலத்தில் பட்டு நெசவு ஆலை ஊர்.

“அங்கியும் பட்டா?” நாடாவை எடுக்கப் போன கை நின்றது.

அங்கேயும் பட்டுதான். 1555-இல் தெற்கே லொகார்னோ என்ற ஊரிலிருந்து, மதத்தை மாற்றிக்கொண்டதற்காக விரட்டப்பட்ட குடும்பங்கள் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி சூரிச்சில் அடைக்கலம் கேட்டு வந்தன. அவர்களோடு பட்டு வியாபாரமும் நெசவு நுணுக்கமும் வந்தன. அப்புறம் முந்நூறு வருஷத்தில் சூரிச் உலகத்தின் பெரிய பட்டு ஊர்களில் ஒன்றாகிவிட்டது. ஏரிக்கரைக் கிராமங்களில் விவசாயிகள் வீட்டுக்குள்ளே தறி போட்டிருந்தார்கள். நூலை முதலாளி கொடுப்பார், இவர்கள் கூலிக்கு நெய்து துணியைத் திருப்பிக் கொடுப்பார்கள்.

“நம்ம மாதிரியே” என்றார் சித்தப்பா.

நம் மாதிரியேதான். 1881-இல் பட்டு நெசவுக்கென்றே ஒரு பள்ளிக்கூடமும் திறந்தார்கள். விசைத்தறி வந்தது. வீட்டுத் தறிகள் ஆலைக்குப் போயின. பிறகு செயற்கைப் பட்டு, ஃபேஷன் மாற்றம், 1930-களின் பெரும் மந்தம் என்று ஒவ்வொன்றாக வந்து ஆலைகளும் சாய்ந்தன. இன்று நகரத்தின் நடுவில், ரயில் நிலையத்திலிருந்து நடந்துபோகிற தூரத்தில், பட்டுச் சந்து என்று பொருள்படும் பெயரோடு ஒரு தெரு இருக்கிறது. நான் அதில் பல முறை நடந்திருக்கிறேன். ஒரு தறிச் சத்தமும் கேட்காது.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு தறி. காலையில் எழுந்ததே அந்தச் சத்தத்தில்தான். இப்போது எண்ணிவிடலாம். பையன்கள் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் கம்பெனி பஸ் ஏறுகிறார்கள். சித்தப்பாவின் மகனும் அப்படி ஏறியவன்தான், பேத்தியைப் படிக்க வைத்தது அந்தச் சம்பளம். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் கொரியக் கம்பெனியின் கார் ஆலை ஓடத் தொடங்கியதிலிருந்து அந்தப் பக்கம் கொரியக் குடும்பங்கள் வந்து குடியேறின, கொரிய எழுத்துப் போர்டோடு ஓட்டல்கள் முளைத்தன. அந்தப் பெண்களுக்கு நம் ஊரை யார் உட்கார்ந்து விளக்கியிருப்பார்கள் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

நான் சொல்லாமல் விடப் பார்த்ததை சித்தி பிடித்துவிட்டாள். “பக்கத்து வூட்டுக்காரங்க பேசுவாங்களா?”

மாடிப்படியில் பார்த்தால் ‘க்ரூயெட்ஸி’ என்று வணக்கம் சொல்வார்கள், நாமும் சொல்ல வேண்டும், சொல்லாமல் போனால் தப்பு. ஆனால் கதவைத் தட்டிச் சர்க்கரை கேட்டு யாரும் வர மாட்டார்கள். காபிக்குக் கூப்பிட வேண்டுமென்றால் மூன்று வாரத்துக்கு முன்பே நாள் குறிப்பார்கள். குறித்த நிமிஷத்தில் வந்து நிற்பார்கள். டிசம்பரில் காலை எட்டு மணிக்கு மேல்தான் விடியும், சாயந்தரம் நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். கணவன் வேலைக்குப் போனபின் அந்த இருட்டில் கூப்பிட ஆளில்லாமல் இருக்கிற பகல்கள்தான் உண்மையான கஷ்டம், சலவை அறையெல்லாம் அதற்குக் கீழேதான். பேத்தி பாஷை வகுப்பில் முதல் மாதமே சேர்ந்துவிட வேண்டும். என் கதவையும் தட்டட்டும். எனக்கு நாள் குறிக்கத் தேவையில்லை.

அப்புறம் பெயர். போய் 14 நாளைக்குள் வட்டார அலுவலகத்தில் பதிய வேண்டும். மதம் என்ன என்றுகூடக் கேட்பார்கள், அங்கீகாரம் பெற்ற சபைகளைச் சேர்ந்தவர்களிடம் தேவாலய வரி வாங்குவதற்காக. நம்மிடம் அது கிடையாது. படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். நமக்கேது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் அப்பாவின் பெயர் இருக்கிறது, அதுவே குடும்பப் பெயராகிவிடும். பெரும்பாலான கட்டடங்களில் வீடுகளுக்கு நம்பர் கிடையாது. அழைப்பு மணியிலும் கடிதப் பெட்டியிலும் பெயர்தான். பெயர் இல்லாவிட்டால் தபால்காரர் கடிதத்தைத் திருப்பிவிடுவார்.

என் அப்பாவுக்கு எங்கள் ஊர் ஏகாம்பரநாதரின் பெயர். நான் போவதற்கு முன்பே காலமாகிவிட்டார், சென்னையைத் தாண்டிப் போனதில்லை. இன்று சூரிச்சில் ஒரு பித்தளைத் தகட்டில் அவர் பெயர் இருக்கிறது. சலவை அறையில் துணி மடித்து வைத்த அந்தப் பெண்மணி என்னை என் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘ஃப்ராவ்’ என்று மரியாதை சேர்த்து, அப்பாவின் பெயரை நாலு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டையும் தவறாமல் சொல்லிக் கூப்பிடுகிறார். அந்த மாடிப்படியில் வாரத்துக்கு மூன்று நாளாவது அப்பாவின் பெயர் கேட்கிறது.

சித்தப்பா டம்ளரை ஓரமாகத் தள்ளினார். தறியில் குனிந்துகொண்டார். எதிர்ப்பக்கம் கரை நாடாவைப் பிடிக்க உட்கார்ந்திருந்த பையன் நிமிர்ந்தான். இரண்டு மூன்று இழை ஓடியபின் முகத்தைத் திருப்பாமலே பேசினார்.

“அந்த மிஷின்ல பட்டைப் போட்றப் போறா. சொல்லிடு.”

“சொல்றேன் சித்தப்பா.”

“பச்சத் தண்ணி. கையால. நிழல்ல காயணும், வெயில் ஆவாது. அந்த ஊர்ல வெயிலே இல்லன்ற, அது நல்லதாப் போச்சு. பீரோல பிளாஸ்டிக் கவர்ல வெக்கக் கூடாது. வெள்ளப் பருத்தித் துணியில சுத்தி வெக்கணும். மூணு மாசத்துக்கு ஒரு தடவ பிரிச்சு மடிப்ப மாத்தணும். ஒரே மடிப்புல கெடந்தா ஜரிகை ஒடிஞ்சிரும்.”

கோர்வை சேருகிற இடத்தில், அரக்கும் மயில்கழுத்தும் பின்னிக்கொள்கிற அந்தக் கோட்டில், விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார்.

“இதெல்லாம் ஒரு காயிதத்துல எழுதிக் குடுத்திடு. எழுதி வெச்சா தான அங்க பாப்பாங்க.”